எல்லை கடந்து சென்ற இயந்திரசாலை

கிராமபோன் பெட்டியின் ஊதுகுழல் முன்னே ஒரு வெள்ளை நாய் அமர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, தன் எசமானனின் குரலுக்குச் செவி கொடுக்கும் படத்தை அறியாதார் முன்னாளில் நம் நாட்டில் மிகச் சிலரே. சங்கீத வித்துவான்களின் பாட்டும் நாடக நடிகரின் வசனமும் அப்படம் பொறித்த இசைத்தட்டுகளின் வாயிலாகவே நம் வீடுகளுக்கும் கலியாணப் பந்தல்களுக்கும் வந்து சேர்ந்தன. அந்நாயின் பெயர் நிப்பர். அதனை வரைந்தவர் பிரான்ஸிஸ் பராட் என்னும் ஓவியர். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கிராமபோன் கம்பெனியார் அப்படத்தைத் தம் வியாபாரக் குறியாகக் கொண்டனர். அமெரிக்காவில் அதே குறியைப் பூண்டது, நியூ ஜெர்ஸி மாகாணத்துக் காம்டன் நகரில் 1901-ஆம் ஆண்டில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பார் நிறுவிய விக்டர் கம்பெனியாகும். 1929-ஆம் ஆண்டில் அக்கம்பெனியை அமெரிக்க ரேடியோ கார்ப்பொரேஷன் விலைக்கு வாங்கிற்று. ஆர்.ஸி.ஏ. என்று மூன்றெழுத்தால் உலகோர் அழைத்தது இந்தக் கார்ப்பொரேஷனையே.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அக்கம்பெனியின் இசையை அன்று, அதன் இடப்பெயர்ச்சியை. காம்டனில் வேரூன்றிய அத்தொழில், எழுபது ஆண்டுகளுள் நான்கு ஊர்களைக் கண்டு, முடிவில் தன் நாட்டின் எல்லையையே கடந்து மெக்ஸிகோ நாட்டில் சென்று அமர்ந்தது. இதனை ஆராய நம்மைத் தூண்டியது பொருளியல் வகுப்பில் எழுந்த ஒரு வினா. "முதலாளி தன் பணத்தையும் தன் இயந்திரத்தையும் தான் விரும்பிய ஊருக்குக் கொண்டு செல்கிறான். இதில் அவன் செய்த பிழை யாது?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். வினா எளியது, விடை எளிதன்று. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே மெய்யாக நிகழ்ந்த ஒரு வரலாற்றை முற்றும் நோக்கிய பின்னர் விடை கூற முயல்வதே முறையென்று கருதினோம். ஜெபர்சன் கௌவி என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1999-ஆம் ஆண்டில் இந்நான்கு ஊர்களின் கதையை ஒரு நூலாக ஆராய்ந்து வெளியிட்டார். அவர்தம் உழைப்பு இவ்வாராய்ச்சியில் இறங்குவோர் அனைவர்க்கும் துணையாவது.

காம்டன்

டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் பிலடெல்பியா மாநகரும் மறு கரையில் காம்டனும் உள்ளன. கப்பல் கட்டுதலும் இசைப்பெட்டி செய்தலும் காம்டனுக்குச் சோறிட்ட தொழில்கள். இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பெண்மக்கள் பலர், நுண்ணிய கம்பிகளைச் சுற்றவும் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தவும் இவ்வாலையில் அமர்த்தப்பட்டனர். இளம்பெண்களின் விரல்கள் நுட்பமானவை, அவர்கள் பொறுமையுடையவர்கள், குறைந்த கூலிக்கு இசைபவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள் என்று நிர்வாகிகள் கணக்கிட்டனர். இக்கணக்கை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வரலாறு முழுவதும் ஊர்தோறும் இதே கணக்கு மீண்டும் மீண்டும் போடப்படுவதைக் காண்போம்.

1930-ஆம் ஆண்டுகளின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் ரேடியோப் பெட்டியின் விலை சரிந்தது. போட்டி மிகுந்தது, கூலியைக் குறைத்து வேலையை விரைவுபடுத்தும் முயற்சியும் தொடர்ந்தது. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமொன்று, தொழிலாளர் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை உறுதி செய்தது. மறு ஆண்டில் மின்சார, ரேடியோத் தொழிலாளரின் தேசியச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் கோடையில் காம்டன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறக்குறைய நான்கு வாரம் அது நீடித்தது. அடிதடியும் கைதும் நிகழ்ந்தன. எதிர்த்துப் பேசார் என்று கணக்கிடப்பட்ட பெண்களும் ஆலை வாயிலில் மறியல் செய்வோரிடையே முன்னணியில் நின்றனர். முடிவில் கம்பெனி சங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று.

வேலைநிறுத்தம் முடிந்தது; எனினும் நிர்வாகிகளின் கணக்கு முடியவில்லை. சங்கம் வலுத்த ஊரில் கூலியைத் தம் விருப்பம்போல் வகுக்கவியலாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். காம்டன் ஆலை ஒருநாளில் மூடப்படவில்லை. ஆராய்ச்சியும் இராணுவத் தளவாட வேலையும் அங்கே நெடுங்காலம் நிலைத்தன. ஆயின், பல்லாயிரக்கணக்கில் செய்து குவிக்கப்படும் மலிவான ரேடியோப் பெட்டியின் வேலை சிறிது சிறிதாக மேற்கு நோக்கி நகரத் தொடங்கிற்று.

புளூமிங்டன்

இந்தியானா மாகாணத்துப் புளூமிங்டன் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களுக்கும் மரச்சாமான் தொழிலுக்கும் பெயர் பெற்ற சிற்றூர். ஷவர்ஸ் சகோதரர் என்னும் மரச்சாமான் கம்பெனி வீழ்ச்சிக் காலத்தில் நலிந்தது. அதற்குரிய ஆலைக் கட்டிடமொன்றை ஆர்.ஸி.ஏ. 1940-ஆம் ஆண்டில் வாங்கிற்று. அவ்வூர் மக்கள் இதனைப் பெரும்பேறாகக் கருதினர். ஆண்கள் கல் வெட்டும் வேலையை இழந்து வாளாவிருந்த காலம் அது. பெண்கள் முதன்முறையாகக் கையில் கூலி பெற்று வீட்டைத் தாங்கினர். காம்டனில் கொடுத்ததைவிடக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது. எனினும் ஒன்றுமில்லாத இடத்தில் அதுவே பெரிதாயிற்று. இதனை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஓரூரின் இழப்பு மற்றோரூரின் வாழ்வாக வந்து சேரும்பொழுது, பெற்றவர்களைப் பழிப்பது நேர்மையாகாது.

1949-ஆம் ஆண்டில் இவ்வாலையில் தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யத் தொடங்கினர். பின்னர் வண்ணப் பெட்டிகளும் வெளிவந்தன. உலகின் வண்ணத் தொலைக்காட்சித் தலைநகர் என்று அவ்வூரார் தம்மைப் பெருமையாகக் கூறிக்கொண்டனர். 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் 8,000 பேருக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். தாயும் மகளும் ஒரே ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு.

ஆனால் கால் நூற்றாண்டு ஒரு மனிதரையும் மாற்றும், ஓரூரையும் மாற்றும். நிலையான கூலி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பணிமூப்புக்குரிய உரிமை ஆகியவற்றை அறிந்த தொழிலாளர், முதல்நாள் வந்தவரைப்போல் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடியிருப்பரோ? இரார். சங்கம் வளர்ந்தது. 1960-ஆம் ஆண்டுகளின் நடுவில் வேலைநிறுத்தங்களும் நிகழ்ந்தன. தொழிற்சாலையே தான் தேடிவந்த அமைதியான, மலிவான உழைப்பை மெல்ல மெல்ல இல்லாமற் செய்துவிடுகிறது. கூலி கொடுப்பவன் கூலியாளை மட்டும் பெறுவதில்லை. தன் உழைப்பின் விலையறிந்த ஒரு மனிதனையும் உருவாக்குகிறான்.

மெம்பிஸ்

இதற்குள் கம்பெனி வேறோர் ஊரையும் நாடிற்று. தெற்கே, மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் உள்ள டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில் 1966-ஆம் ஆண்டில் ஒரு பேராலை திறக்கப்பட்டது. தென் மாகாணங்களில் சங்கம் வலுவற்றது, கூலி குறைவு, நகராட்சியாரின் சலுகைகளும் மிகுதி என்பவை கம்பெனியை ஈர்த்தன. ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. கறுப்பின மக்களின் உரிமைப்போர் அந்நகரில் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. 1968-ஆம் ஆண்டில் அங்கே துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, அவர்கட்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய ஊரில் தொழிலாளர் பணிந்து கிடப்பர் என்று எதிர்பார்த்தது பெரும்பிழை. வெளிநாட்டுப் பெட்டிகளின் போட்டியும் கடுமையாயிற்று. திறந்து ஐந்தாண்டு அளவிலேயே அவ்வாலை மூடப்பட்டது.

ஆற்றின் மறுகரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே ரியோ கிராந்தி என்னும் ஆறு நெடுந்தூரம் எல்லையாக ஓடுகிறது. வடகரையில் எல் பாஸோ என்னும் அமெரிக்க நகரமும் தென்கரையில் ஹுவாரெஸ் என்னும் மெக்ஸிகோ நகரமும் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றன. மெக்ஸிகோவின் பெருந்தலைவரான பெனிட்டோ ஹுவாரெஸ், பிரெஞ்சுப் படையெடுப்புக் காலத்தில் அங்கே புகலடைந்திருந்தமையால் 1888-ஆம் ஆண்டில் அவர் பெயரே அந்நகருக்கு இடப்பட்டது.

அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்ய மெக்ஸிகோ ஆடவரை ஒப்பந்தத்தின்பேரில் அழைக்கும் ஏற்பாடு 1942-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஏறக்குறைய 46 லட்சம் ஒப்பந்தங்கள் அவ்வேற்பாட்டில் எழுதப்பட்டன. 1964-ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்கா அதனை நிறுத்திவிட்டது. வேலையிழந்த ஆடவர் எல்லையோர ஊர்களில் திரண்டனர். அவர்கட்கு வழிகாட்ட எண்ணிய மெக்ஸிகோ சர்க்கார் 1965-ஆம் ஆண்டில் எல்லைத் தொழில் திட்டத்தை வகுத்தனர். அதன்படி, அயல்நாட்டுக் கம்பெனியார் எல்லையோரத்தில் ஆலை அமைத்து, இயந்திரங்களையும் மூலப்பொருள்களையும் சுங்கவரியின்றிக் கொணர்ந்து, செய்து முடித்த பொருளைத் திரும்ப ஏற்றுமதி செய்துகொள்ளலாம். நிகழ்ந்ததை நோக்குங்கால், மனிதன் எல்லை கடந்து வேலைக்குச் செல்வது தடுக்கப்பட்ட அடுத்த ஆண்டே, வேலை எல்லை கடந்து மனிதனிடம் வருவதற்கு வாயில் திறக்கப்பட்டது என்பது புலனாகும்.

இத்தகைய ஆலைக்கு அங்கே வழங்கும் பெயர் மகிலதோரா என்பது. மகிலா என்னும் ஸ்பானியச் சொல், பிறர் தானியத்தை அரைத்துக் கொடுக்கும் ஆலைக்காரன் தன் கூலியாக எடுத்துக்கொள்ளும் மாவின் பங்கைக் குறிக்கும். தானியமும் பிறனுடையது, மாவும் பிறனுடையது, அரவைக்கூலி மட்டுமே தன்னுடையது. இதனினும் பொருத்தமான பெயரை ஒரு புலவனும் சூட்டியிருக்க முடியாது. மெக்ஸிகோவில் பொருத்தப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டியின் உறுப்புகளும் அமெரிக்காவிலிருந்து வந்தன. முடிந்த பெட்டியும் அமெரிக்காவுக்கே சென்றது. இடையிலுள்ள கைவேலைக்கான கூலி மட்டுமே அவ்வூரில் தங்கிற்று.

அமெரிக்கச் சுங்கச் சட்டமும் இதற்குத் துணையாயிற்று. அந்நாளைய வரிப்பட்டியலில் 807 என்னும் இலக்கமிட்ட ஒரு விதி இருந்தது. அமெரிக்க உறுப்புகளை அயல்நாட்டிற்கு அனுப்பி, அங்கே பொருத்தித் திரும்பக் கொணர்ந்தால், அவ்வுறுப்புகளின் விலைக்கு வரி இல்லை. அயல்நாட்டில் ஏறிய மதிப்பிற்கு மட்டுமே வரி. எடுத்துக்காட்டாக, 100 டாலர் பெறும் ஒரு பெட்டியில் 70 டாலர் அமெரிக்க உறுப்புகளின் விலையெனவும், 30 டாலர் மெக்ஸிகோவில் சேர்ந்த மதிப்பெனவும் கொள்வோம். வரி 30 டாலருக்கு மட்டுமே விதிக்கப்படும். அந்த 30 டாலரில் பெரும்பகுதி கூலி. கூலி குறையக் குறைய வரியும் குறையும். மலிந்த உழைப்புக்குச் சட்டமே மேலும் ஒரு தள்ளுபடி கொடுத்தது போலாயிற்று. நாட்டெல்லை என்பது கம்பெனிக்கு மதிலாக நில்லாமல், இரு கரையின் கூலிகளும் ஒன்றோடொன்று கலந்து சமமாகாதபடி காத்துநிற்கும் கரையாக நின்றது.

1968-ஆம் ஆண்டையொட்டி ஆர்.ஸி.ஏ. ஹுவாரெஸில் கால்வைத்தது. பருத்தி விளைந்த நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலையிழந்த ஆடவருக்கென்று வகுக்கப்பட்ட திட்டத்தில் வேலை பெற்றோர் யாவர்? பெரும்பாலோர் இளம்பெண்களே. நுட்பமான விரல்கள், பொறுமை, குறைந்த கூலி என்னும் காம்டனின் பழைய கணக்கு, மொழி மட்டும் மாறி மறுபடியும் போடப்பட்டது.

ஹுவாரெஸில் நிகழ்ந்த மாறுதல்

இப்பெண்கள் வெறும் கருவிகளாய்க் கிடந்தனர் என்று கருதுவோர் அவர்களை மீண்டும் ஒருமுறை இழிவுபடுத்துவோராவர். உட்பிரதேசக் கிராமங்களிலிருந்து வந்த பெண்ணுக்கு ஆலைக் கூலி புதியதொரு சுதந்திரத்தை அளித்தது. தம்பி தங்கையரைப் படிக்கவைத்தோரும் தாய்தந்தையரைத் தாங்கியோரும் பலர். அதே வேளையில் ஊர் அளவுமீறிப் பெருகிற்று. குடிநீரும் வடிகாலும் இல்லாத குடியிருப்புகள் மணல்மேடுகளில் எழுந்தன. வரிச்சலுகை பெற்று வந்த ஆலைகள் நகரத்துக்குக் கொடுத்த வருவாயோ சிறிது. ஓராலையில் சில மாதம், மற்றோராலையில் சில மாதம் என்று தொழிலாளர் மாறிக்கொண்டேயிருந்தனர். பேரம் பேச வழியில்லாத இடத்தில் வேலையை விட்டு விலகுவதே அவர்கள் அறிந்த முறையீடாயிற்று.

1982-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ கடன் நெருக்கடியில் வீழ்ந்து அதன் நாணயமாகிய பெஸோ மதிப்பிழந்தது. டாலர்க் கணக்கில் அந்நாட்டுக் கூலி மேலும் மலிந்தமையால் எல்லையோர ஆலைகள் பெருகின. 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் பெஸோ மீண்டும் சரிந்து, சில மாதங்களில் ஏறக்குறையப் பாதி மதிப்பாயிற்று. கம்பெனிக்குக் கூலிச்செலவு பாதியாகக் குறைந்தது. தொழிலாளிக்கோ கடைச்சரக்கின் விலை ஏறிற்று. 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹுவாரெஸ் ஆலையின் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திக் கூலி உயர்வு கேட்டனர். காம்டனில் 1936-இல் நிகழ்ந்தது அறுபதாண்டு அளவில் ஹுவாரெஸிலும் நிகழ்ந்தது. அவர்களும் தம் உழைப்பின் விலையை அறிந்துவிட்டனர்.

புளூமிங்டனின் கடைசி நாள்

இதற்குள் கம்பெனியே கைமாறிவிட்டது. 1986-ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆர்.ஸி.ஏ.வை வாங்கிற்று, மறு ஆண்டிலேயே தொலைக்காட்சித் தொழிலைப் பிரான்ஸ் நாட்டுத் தாம்ஸன் கம்பெனிக்கு விற்க உடன்பட்டது. ஆகவே அமெரிக்கப் பெயர் தாங்கிய பெட்டியின் உரிமை பிரான்ஸிலும், வேலை பெரும்பாலும் மெக்ஸிகோவிலும், விற்பனை அமெரிக்காவிலும் என மூன்றாகப் பிரிந்தது. 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாடுகளின் வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் ஆலைகள் பெயர்ந்தன என்று பலர் கூறுவர். நாம் கண்ட ஆண்டுகளை நோக்கின், பெயர்ச்சி அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது என்பது தெளிவு. உடன்படிக்கை இருந்த பாதையை அகலமாக்கிற்று; பாதையை முதலில் வெட்டியது அதுவன்று.

1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில், புளூமிங்டன் ஆலையை மூடி எஞ்சிய வேலையை ஹுவாரெஸுக்குக் கொண்டு செல்வதாக நிர்வாகிகள் அறிவித்தனர். 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் கதவு அடைக்கப்பட்டது. கடைசிவரை இருந்தோர் ஏறக்குறைய 1,100 பேர். இருபது முப்பதாண்டு வேலை செய்தோர் அவர்களுள் பலர். அயல்நாட்டு வாணிபத்தால் வேலையிழந்தோர்க்குப் பணவுதவியும் மறுபயிற்சியும் அளிக்கும் சட்டம் 1962-ஆம் ஆண்டு முதலே அமெரிக்காவில் இருந்தது. அதன்படி சிலர் கல்லூரிப் படிப்பை மேற்கொண்டனர். சிலர் குறைந்த கூலிக்கு வேறு வேலையில் அமர்ந்தனர். ஐம்பது வயதில் ஒருவரை மாணவராக்குதல் தாளில் எழுத எளிது. வீடும் கடனும் முதிய பெற்றோரும் பேரப்பிள்ளைகளும் ஓரூரில் வேரூன்றியிருக்க, வேலை உள்ள ஊருக்குச் செல்க என்று கூறுவதும் எளிதே. அவ்வுதவித் திட்டத்தின் காலவரையறையும் 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் முடிவுற்று, புதிய விண்ணப்பங்களை ஏற்பது அன்று நின்றது.

கதை அங்கும் முடியவில்லை. 2001-ஆம் ஆண்டில் சீனா உலக வாணிப ஸ்தாபனத்தில் சேர்ந்தது. அதனையொட்டி எல்லையோர ஆலைகள் பல மெக்ஸிகோவை விட்டுச் சீனா நோக்கிப் பெயர்ந்தன. 2004-ஆம் ஆண்டில் தாம்ஸன் கம்பெனி தன் தொலைக்காட்சித் தொழிலைச் சீன நாட்டு டி.ஸி.எல். கம்பெனியின் தொழிலோடு இணைத்தது. வேலை பெற்ற ஹுவாரெஸும் வேலை இழக்கும் அச்சத்தை அறிந்தது.

இருபுறமும் நோக்கல்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். முதலாளியின் பக்கத்து நியாயத்தை முதலிற் கூறுதல் கடமை. போட்டியாளர் அனைவரும் மலிந்த உழைப்பை நாடிச் செல்லுங்கால் ஒருவர் மட்டும் நின்றால், அவர்தம் பெட்டி விலைபோகாது. ஆலை முழுவதுமே அழியும். ஜப்பான் நாட்டுப் பெட்டிகளின் முன்னே அமெரிக்கத் தொலைக்காட்சிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன என்பது உண்மை. வாங்குவோர்க்கும் நன்மையுண்டு, செல்வர் வீட்டில் மட்டும் இருந்த பெட்டி ஏழை வீட்டிலும் புகுந்தது. ஏழை நாட்டின் பெண்ணுக்கும் வேலை கிடைத்தது. இவையனைத்தும் மெய்.

பொருளியல் ஆசிரியர் பலரும் இங்கே டேவிட் ரிக்கார்டோவைத் துணைக்கழைப்பர். 1817-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் இங்கிலாந்தின் துணியையும் அவர் எடுத்துக்காட்டினார். குறித்த அளவு மதுவை ஓராண்டில் செய்யப் போர்ச்சுகலில் 80 பேரும் இங்கிலாந்தில் 120 பேரும் வேண்டும். துணிக்குப் போர்ச்சுகலில் 90 பேரும் இங்கிலாந்தில் 100 பேரும் வேண்டும். இரண்டிலும் போர்ச்சுகலே வல்லதாயினும், அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இருநாட்டுக்கும் ஆதாயம் என்று அவர் நிறுவினார்.

ஆயின் அதே அதிகாரத்தில் அவர் கூறிய மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதலும் தொழிலாளரும் தடையின்றிப் போர்ச்சுகலுக்குச் செல்லக்கூடுமாயின், மதுவும் துணியும் இரண்டும் அங்கேயே செய்யப்படும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், தன் கண்காணிப்பைவிட்டு அயல்நாட்டிற்குப் பணத்தை அனுப்ப அஞ்சும் இயல்பும், பிறந்த நாட்டைவிட்டு அகல விரும்பாத மனமுமே என்றார். அவ்வுணர்ச்சி தளர்வதைக் காணத் தாம் வருந்துவார் என்றும் எழுதினார். பண்டம் எல்லை கடப்பது வேறு. முதல் எல்லை கடப்பது வேறு. முன்னதற்கு எழுதிய சமாதானத்தைப் பின்னதற்கு அப்படியே எடுத்தாளுதல் பொருந்தாது. நாம் கண்ட வரலாற்றிலோ முதல் கடந்தது, இயந்திரம் கடந்தது, உறுப்புகள் கடந்தன. தொழிலாளி ஒருவனே கரையில் நின்றான். நால்வருள் மூவர்க்குக் கதவைத் திறந்து ஒருவனுக்கு மட்டும் அடைத்துவிட்டு, அவனை நோக்கி நியாயமாகப் பேரம் பேசு என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, பெயர்ந்து சென்றமை ஒன்றையே பிழையென்று நாம் கூறத் துணியோம். ஓரூரார்க்கே என்றென்றும் வேலை உரியது என்பது ஹுவாரெஸ் பெண்ணுக்கு இழைக்கும் அநீதியாகும். பிழை யாதெனின், பெயர்ச்சியின் ஆதாயத்தைப் பெற்றவர் ஒருவராகவும் அதன் செலவைச் சுமந்தவர் வேறொருவராகவும் இருந்தமையே. புளூமிங்டனில் முப்பதாண்டு உழைப்பால் ஈட்டிய பணிமூப்பு எந்தக் கணக்கேட்டிலும் சொத்தாக எழுதப்படவில்லை. ஆதலின் அது அழிந்தபொழுது நட்டமாகவும் எழுதப்படவில்லை. ஹுவாரெஸின் குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவு பெட்டியின் விலையில் சேரவில்லை. கணக்கில் வாராத செலவு இல்லாத செலவு ஆகாது. வேறு யாரோ கொடுத்த செலவு ஆகும்.

இதற்கு மாற்று யாது? முதல் எல்லை கடந்தால் நியாயமும் அதனோடு எல்லை கடக்கவேண்டும் என்பதே. அவ்வழியில் சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்ஸிகோ சர்க்கார் தம் வட எல்லைப் பகுதியின் குறைந்தபட்ச நாட்கூலியை 88.36 பெஸோவிலிருந்து 176.72 பெஸோவாக, இருமடங்காக, உயர்த்தினர். அம்மாதத்திலேயே மதமோரோஸ் என்னும் எல்லை நகரில் ஆலைத் தொழிலாளர் திரண்டெழுந்து 20 விழுக்காட்டுக் கூலி உயர்வையும் 32,000 பெஸோ வெகுமதியையும் கேட்டு, பல ஆலைகளில் வென்றனர். அவ்வாண்டிலேயே சங்கத் தலைவரையும் ஒப்பந்தத்தையும் இரகசிய வாக்கால் தொழிலாளர் தீர்மானிக்கும் உரிமை சட்டமாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பழைய உடன்படிக்கைக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய உடன்படிக்கை, வரிச்சலுகை வேண்டும் மோட்டார் வண்டியின் மதிப்பில் 40 முதல் 45 விழுக்காடு, மணிக்குச் சராசரி 16 டாலர் கூலி பெறுவோர் செய்ததாதல் வேண்டும் என விதித்தது. ஓராலையில் சங்க உரிமை மறுக்கப்பட்டால் அவ்வாலையின் பொருளுக்கே சலுகையை மறுக்கும் வழியையும் அது வகுத்தது. இவை குறையற்றவை அல்ல. எனினும் 807-ஆம் விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு, சட்டத்தின் முகம் எத்திசையில் திரும்பியது என்பது விளங்கும்.

காம்டனில் நாய்ப்படம் தாங்கிய கோபுரத்தையுடைய ஆலைக் கட்டிடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியிருப்பு வீடுகளாக மாற்றப்பட்டது. புளூமிங்டன் ஆலைக் கட்டிடத்தில் மருந்து செய்யும் கம்பெனி வந்தமர்ந்தது. ஊர்கள் முற்றும் அழிவதில்லை. அவை மறுபடியும் தளிர்க்கும். ஆனால் தளிர்க்கும் காலம்வரை பட்டினியை யார் தாங்குவது என்பதே வினா.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆலை நிர்வாகிகளாய் அமர்வீர். சிலர் சட்டம் இயற்றும் இடத்திற் பணிபுரிவீர். பலர் தொழிற்சாலைகளில் உழைப்பீர். ஆலை பெயர்வதால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்கு உங்கள் முன் வைக்கப்படும் நாள் வரலாம். அன்று அக்கணக்கின் கூட்டலைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், அதில் எழுதப்படாத வரிகள் எவை என்றும் கேளுங்கள். வகுப்பில் வினா எழுப்பிய நண்பருக்கு நாம் இப்பொழுது கூறும் விடை இதுவே.